நீதிபீடமும் நற்றமிழும்: சேர் பொன்னம்பலம் அருணாசலம்

சட்டம் பயின்றார்க்குத் தமிழ் எற்றுக்கு என மாணாக்கர் சிலர் என்னை வினவுவதுண்டு. யான் அவர்க்கு விடையாக எடுத்துரைப்பது சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்களின் வரலாறேயாம்.

1853ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆந் திகதி, கொழும்பிலே பொன்னம்பல முதலியாருக்கு மைந்தராகத் தோன்றினார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவர்தம் தமையனார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலே கற்று, சட்டமும் பயின்று பரிஸ்டராயினார். திறந்த போட்டிப் பரீட்சையிலே தேறி இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதற் சுதேசி என்னும் புகழோடு 1875இலே தாயகம் மீண்டார்.

பல ஊர்களில் நீதிபதியாக அமர்ந்து முறை செய்த இவரை, கோர்டன் தேசாதிபதி மூத்தோர் பலருக்கு மேலாகப் பதிவாளர் நாயகமாக்கினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவரும் இவரே. தலைகளை எண்ணியதோடு அமையாது, இந்நாட்டு மக்களின் சமயம், மொழி, வழக்காறு என்பனவற்றையும் தம் அறிக்கையிலே விரித்தெழுதினார். பின்னர்ச் சட்டநிரூபண சபையிலும், 1912இலே நிருவாக சபையிலும் இடம்பெற்றார்.

அலுவல்களுக்கிடையே இவர் உள்ளம் தோய்ந்து கிடந்தது தமிழிலும் சைவத்திலுமாம். திருவாசகப் பகுதிகளை ஆங்கிலத்திலே பெயர்த்தார். கேம்பிரிட்ஜ் நண்பரான எட்வேட் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில அறிஞரை 1890இலே இலங்கைக்கு வருவித்து, தம் ஞானாசிரியரிடம் ஆற்றுப்படுத்தினார். இந்நாட்டுக்கெனச் சர்வகலாசாலை வேண்டும் என 1906 முதல் முயன்றார். தாய்மொழிக் கல்விக்கும் வாதாடினார். 1942இலே அக்கனவு நனவாயிற்று. பேராதனையில் மாணவர் விடுதியொன்று இவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

1913இலே ஓய்வு பெற்றபின் அடங்கியிருந்தாரல்லர். 1915இலே சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். 1919இலே இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதற் தலைவரானார். மேல்மாகாணத்திலே தமிழர்க்கு ஓராசனம் பெறத் துணைநிற்பதாகச் சிங்களத் தலைவர் 1918இலே எழுதிக் கொடுத்த வாக்கை நம்பியே, யாழ்ப்பாணச் சங்கத்தார் அதிற் சேர இசைந்தனர். இடைநின்று அவர்களை இசைவித்தவர் அருணாசலமே. 1921இலே அவ்வாக்குக் கைவிடப்படவே, தாம் தலைமை தாங்கிய காங்கிரஸை விட்டு விலகினார். 1923இலே தமிழர்க்கெனச் சங்கம் ஒன்று நிறுவினார்.

தாம் நட்ட மரத்தின் நிழலைத் தாமே துறத்தல் எளிதன்று. ஆயினும், கொடுத்த சொல்லை மறுத்தார்முன் வாளாவிருத்தல் நீதிபீடத்தில் இருந்தவர்க்கு ஒல்லுமோ? ஒரு நாட்டினர் என்ற நினைவையே வாழ்நாளெல்லாம் வளர்த்த பெருமகனார், இறுதிக்காலத்திலே தம் இனத்தின் பங்கைத் தனித்துக் கேட்க நேர்ந்தது. பின்னாளில் இத்தீவு கண்ட துன்பங்களுக்கு அன்றே வித்திடப்பட்டது என யான் கருதுகின்றேன்.

1924ஆம் ஆண்டு சனவரி 9ஆந் திகதி, தலயாத்திரை சென்றவிடத்து மதுரை மாநகரிலே சிவபதம் எய்தினார். பதவிகள் பலவும் அவரைத் தேடி வந்தன. அவர் தேடியவையோ தமிழும், நீதியும், சொன்ன சொல்லின் தூய்மையுமேயாம்.