கணக்கெடுப்பில் பெயர் கேட்ட பண்டிதர்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்றால் தலைகளை எண்ணுவதுதானே, அதில் என்ன அரசியல் என்று தோன்றும். எண்ணுவதற்கு முன் யாரை எந்தப் பெயரில் எழுதுவது என்று யாரோ முடிவு செய்கிறார்கள். அங்கேதான் அரசியல் இருக்கிறது என்பதை அன்றே கண்டவர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845-ல் சென்னையில் ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் காத்தவராயன். பாடம் சொல்லித்தந்த ஆசிரியர் மீதிருந்த மதிப்பால் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். நீலகிரியில் வளர்ந்தார். தமிழ்ப் புலமையோடு சித்த மருத்துவமும் கைவந்தவர்.

1881 கணக்கெடுப்பின்போது, தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட மக்களைப் பூர்வத் தமிழர் என்று பதியுமாறு அரசைக் கேட்டார். 1891-ல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். 1898-ல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார்.

1901 கணக்கெடுப்பில் ஆணையர் ரிஸ்லி சாதிகளைச் சமூக மதிப்பின்படி மேல், கீழ் என்று வரிசைப்படுத்த முயன்றார். ஆராய்ச்சி என்ற பெயரில் ஊரில் இருந்த ஏற்றத்தாழ்வு அரசுப் பதிவேட்டிலும் ஏறியது. ஒரு தரப்பின் பார்வையே பொதுவான உண்மையாகக் காட்டப்பட்டது.

1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கிய பண்டிதர், இலக்கியம், வழக்காறு, சொல்வரலாறு ஆகியவற்றைக் கொண்டு தம் மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்று வாதிட்டார். 1911 கணக்கெடுப்பில் பௌத்தர் என்று பதியச் சொல்லிப் பரப்புரை செய்தார். 1914-ல் மறைந்தார்.

அவர் நடுநிலை வேடம் போடவில்லை. யார் பக்கம் நிற்கிறேன் என்பதைச் சொல்லிவிட்டே சான்றுகளை அடுக்கினார். அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் சிலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் ஏற்கவில்லை. அதில் தவறில்லை. பக்கம் சார்ந்திருப்பதால் ஓர் ஆய்வு பொய்யாகிவிடாது. நியாயத்தின் பக்கம் நிற்பதாலேயே மெய்யாகியும் விடாது. சான்றுதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

2027 கணக்கெடுப்பில் எல்லாச் சாதிகளும் பதியப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. சங்கரன்கோவில் வட்டாரக் கிராமங்களுக்குக் கள ஆய்வுக்குப் போகும் மாணவர்கள், தங்கள் வினாத்தாளில் யாருடைய கேள்விகள் இருக்கின்றன, யாருடையவை விடுபட்டன என்று முதலில் பாருங்கள். கணக்கெடுக்க வருபவர் உங்கள் வீட்டு வாசலில் நின்றால், பதிந்ததை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.