வானொலிக்கு வித்திட்ட செட்டியார்

நெசவுத் தறிகள் ஒலிக்கும் வெம்பாக்கத்தில், பரணில் ஊமையாய்க் கிடக்கும் பழைய ரேடியோப் பெட்டியைக் காயலான் கடைக்குத் தூக்கிச் செல்லுமுன், நம்மவர் காலஞ்சென்ற ஸ்ரீமான் ஸி. வி. கிருஷ்ணஸ்வாமி செட்டியாரின் சரித்திரத்தை ஒரு கணம் சிந்திப்பார்களாக.

1924-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி அவர் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தை ஸ்தாபித்தார். இத்தேசத்தில் அப்பொழுது சர்க்கார் ஒலிபரப்பு கிடையாது. ஆர்வத்தையே மூலதனமாகக் கொண்ட அன்பர்கள் அவருக்குத் துணை நின்றனர். ஜூலை 31-ந் தேதி, 40 வாட் சக்தியுள்ள சிறு யந்திரத்தால் சங்கத்தின் குரல் ஆகாயத்தில் எழுந்தது. அவ்வளவோடு அவர்கள் திருப்தியடையவில்லை. பிற்பாடு சக்தியை 200 வாட்டாகப் பெருக்கி, சங்கீதமும் பிரசங்கமும் ஒலிபரப்பி வந்தனர்.

பணமுடையால் 1927-ம் வருஷம் அக்டோபரில் சங்கம் ஓய்ந்தது. யந்திரமும் அத்துடன் துருப்பிடித்திருக்கலாம். செட்டியாரின் சங்கமோ அதைச் சென்னை நகரசபைக்கு வழங்கிற்று. 1930-ம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நகரசபையின் ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. 1938-ல் அகில இந்திய ரேடியோ சென்னையில் நிலையம் அமைக்கும்வரை நடந்தது.

விற்றவன் மறந்த கருவியையும் விரும்பியவன் காப்பாற்றுகிறான். பழைய பெட்டிகள் பலவற்றில் பழுதடைவது ஒரு வால்வோ, வறண்டுபோன கண்டென்ஸரோதான். தெரிந்தவர் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுக்கும் சிறு சங்கம் ஊர்தோறும் தோன்றுமாயின், ஊமைப் பெட்டிகள் பல மீண்டும் வாய் திறக்கும். செட்டியாருக்கு நாம் செய்யும் ஞாபகச் சின்னம் அதுவே.