பாத்திகளை ஒப்பிடக் கற்றுத்தந்த ஃபிஷர்

பூந்தமல்லி, ஆவடி வட்டார நெல் விவசாயிகளுக்குத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் தெரிந்த இடம்தான். அதுபோன்ற நிலையங்களில் ரகங்களை ஒப்பிடும் கணக்கை வகுத்தவர் ரொனால்ட் ஃபிஷர்.

1890-ல் லண்டனில் பிறந்தார். கண்பார்வை மிகக் குறைவு. அதனால் கணக்கை மனதிலேயே போட்டுப் பழகினார். முதல் உலகப்போரின்போது பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே, குடும்பத்தோடு சிறு பண்ணையில் பசுவும் பன்றியும் வளர்த்தார். 1919-ல் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தபோது, 1843 முதலான மகசூல் பதிவுகள் அங்கே குவிந்து கிடந்தன.

மகசூல் கூடியது ரகத்தாலா, மண்ணாலா? வாய்க்கால் ஓரப் பாத்தியும் மேட்டுப் பாத்தியும் ஒன்றுபோல் விளைவதில்லையே! ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில் பயிரிட வேண்டும். ரகங்களின் சராசரிகளுக்கு இடையிலான வேறுபாடு, ஒரே ரகத்தின் பாத்திகளுக்குள் காணும் வேறுபாட்டைவிட வெகுவாகக் கூடினால்தான் அது ரகத்தின் குணம். 1923-ல் மெக்கன்சியுடன் வெளியிட்ட உருளைக்கிழங்கு ஆய்வில் இந்த மாறுபாட்டுப் பகுப்பாய்வைக் காட்டினார். எந்தப் பாத்தியில் எந்த ரகம் என்பதைக் குலுக்கிப் போட்டே முடிவு செய்ய வேண்டும் என்று அடுத்த சில ஆண்டுகளில் வலியுறுத்தினார். மகசூல் அட்டவணையின் அடியில் 'சி.டி.' என்றொரு எண் இருக்கும். இரு ரகங்களின் வித்தியாசம் அதைவிடக் குறைவென்றால், விலை கூடிய விதைக்கு அவசரப்பட வேண்டாம்.

1938 ஜனவரியில் மகலனோபிஸ் அழைப்பில் கல்கத்தா வந்து புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். புகையிலையால்தான் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்பதைக் கடைசிவரை ஏற்கவில்லை. அதில் அவர் தவறினார். 1962-ல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் காலமானார்.