மடலுக்கு வழி வகுத்த ஜான் போஸ்டல்

இவ்விடுதியிலிருந்து நாம் ஊருக்கு எழுதும் மின்னஞ்சல் வெவ்வேறு வலைப்பின்னல்களைக் கடந்தே வீடு சேர்கிறது. அந்தப் பயணத்துக்கு விதி வகுத்தவர் ஜான் போஸ்டல்.

1943-இல் கலிபோர்னியாவில் பிறந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1974-இல் முனைவரானார். மாணவராயிருந்த 1969 முதலே கணிப்பொறி வலையின் விதியேடுகளைத் தொகுக்கும் பணியை ஏற்றார், இறுதிவரை விடவில்லை.

அன்று வலைப்பின்னல்கள் பல தனித்தனித் தீவுகளாய்க் கிடந்தன. ஒன்றின் முறை மற்றொன்றுக்குப் புரியாது. 1982-இல் போஸ்டல் எழுதிய அஞ்சல் விதி அதற்கு வழி சொன்னது. இரு வலைகளோடும் தொடர்புள்ள கணிப்பொறி ஒன்று, இங்கே மடலை வாங்கி அங்கே ஒப்படைக்கும். வாங்கிவிட்டால் பொறுப்பும் அதனுடையதே. மடலைச் சேர்க்கவேண்டும், இயலாவிடில் அனுப்பியவருக்கு அறிவிக்கவேண்டும். சொல்லாமல் தொலைத்துவிடக் கூடாது!

அறிவியல் பயிலும் எனக்கு, இதில் கணக்கைவிட அறமே பெரிதாய்த் தெரிகிறது. அனுப்பும்போது கண்டிப்பு, ஏற்கும்போது தாராளம். இதுவே வலைக்கு அவர் காட்டிய நெறி.

1998-இல், 55-ஆம் வயதில் போஸ்டல் மறைந்தார். அவர் விதி திருத்தங்களுடன் இன்றும் வழக்கிலிருக்கிறது. ஏற்றதை முடிப்போம், இயலாததை உடனே சொல்வோம். சங்கப் பணிக்கு முன்வரும் நமக்கும் வேறு விதி வேண்டுமோ?