கோல்மன் கிரிஃபித்

கோல்மன் ராபர்ட்ஸ் கிரிஃபித் (மே 22, 1893 – பெப்ரவரி 1966) அமெரிக்க உளவியலாளரும் கல்வியாளரும் ஆவார். விளையாட்டு வீரர்கள் எவ்வாறு கற்கின்றனர், களத்தில் ஏன் பதறுகின்றனர், பயிற்றுநர்கள் அவர்களை எவ்வாறு நடத்துகின்றனர் என்பனவற்றை ஆய்வுக்கூடத்திலும் களத்திலும் முறையாக ஆராய்ந்தார். இதனால் இவர் அமெரிக்க விளையாட்டு உளவியலின் தந்தை எனக் குறிப்பிடப்படுகிறார். இலினொய் பல்கலைக்கழகத்தில் இவர் நிறுவிய ஆய்வுக்கூடம் 1925 முதல் 1932 வரை இயங்கியது. 1938 இல் சிகாகோ கப்ஸ் என்னும் பேஸ்பால் (அடிபந்தாட்ட) அணி இவரைப் பணிக்கு அமர்த்தியது.

இத்துறையில் இவருக்கு முன்னோர் எவருமிலர் என்று கூறிவிட இயலாது. நார்மன் டிரிப்லெட் என்பவர் மிதிவண்டிப் பந்தய வீரர்கள் தனியே ஓட்டும்போதும் பிறருடன் சேர்ந்து ஓட்டும்போதும் காணப்படும் வேக வேறுபாட்டை 1898 இலேயே ஆராய்ந்து எழுதியிருந்தார். செருமனியின் பெர்லின் நகரிலும் 1920 அளவில் இத்தகைய ஆய்வு தொடங்கியிருந்தது. ஆயினும், ஒரு விளையாட்டு அமைப்பின் உள்ளே சென்று, வீரர், பயிற்றுநர், உரிமையாளர் ஆகிய மூவரின் நடத்தையையும் நேரில் கண்டு எழுதியவர் என்ற வகையில் கிரிஃபித்தின் பணி தனித்து நிற்கிறது.

இளமையும் கல்வியும்

ஐயோவா மாநிலத்தின் கத்ரி சென்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். இலினொய் மாநிலத்திலுள்ள கிரீன்வில் கல்லூரியில் பயின்று 1915 இல் பட்டம் பெற்றார். பின்னர் இலினொய் பல்கலைக்கழகத்தில் மாடிசன் பென்ட்லியின் கீழ் ஆய்வு செய்து 1920 இல் முனைவர் பட்டம் பெற்றார். அவருடைய ஆய்வுப் பொருள் விளையாட்டு அன்று. உடலின் சமநிலையைக் காக்கும் உட்செவி உறுப்பைப் பற்றியது. சுழலும் கருவியில் வெள்ளெலிகளை வைத்து அவற்றின் நடத்தையை அளந்தார். எலிகளிடம் இவருக்கிருந்த ஈடுபாடு பின்னாளிலும் குறையவில்லை. விளையாட்டு ஆய்வுக்கூடத்திலும் எலிகளுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டது.

ஆய்வுக்கூடம்

1923 இல் உளவியலும் விளையாட்டும் என்ற பொருளில் தனிப் பாடம் ஒன்றைக் கற்பிக்கத் தொடங்கினார். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவர் சார்ச் ஹஃப் இம்முயற்சியை ஆதரித்தார். அதன் பயனாக 1925 இல் ஆய்வுக்கூடம் உருவானது. எதிர்வினை நேரம், தசை இறுக்கமும் தளர்வும், கவனம், கைநிதானம் ஆகியவற்றை அளக்கும் கருவிகளைக் கிரிஃபித் தாமே வடிவமைத்தார்.

ஆய்வுக்கூடத்திற்கு மூன்று பணிகளை அவர் வரையறுத்தார். சிறந்த பயிற்றுநர்கள் அனுபவத்தால் கண்டறிந்த முறைகளைத் தொகுத்து இளம் பயிற்றுநர்களுக்கு வழங்குவது முதற்பணி. உளவியலில் ஏற்கெனவே அறியப்பட்டவற்றை விளையாட்டிற்குப் பொருத்துவது இரண்டாவது. புதிய உண்மைகளைக் கண்டறிவது மூன்றாவது. பயிற்றுநர்களுக்குப் பாடம் புகட்டுவதற்கு முன் அவர்களிடம் கற்க வேண்டும் என்று அவர் கருதியதை இவ்வரிசையே காட்டுகிறது. பின்னாளில் அவரைப் புறக்கணித்தவர்களும் பயிற்றுநர்களே என்பதை நோக்க, இது கவனிக்கத்தக்கது.

அக்காலத்தில் புகழ்பெற்ற விளையாட்டாளர்களை நேரில் கண்டும் கடிதம் வாயிலாகவும் செய்தி திரட்டினார். 1924 அக்டோபர் 18 அன்று மிச்சிகன் அணிக்கு எதிரான அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தில், இலினொய் மாணவரான ரெட் கிரேஞ்ச் முதல் 12 நிமிடங்களில் நான்கு முறை எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி ஈட்டினார். ஆட்டத்திற்குப் பின் கிரிஃபித் அவரிடம் பேசியபோது, தாம் ஓடிய ஓட்டங்களின் விவரம் எதுவும் கிரேஞ்சுக்கு நினைவில்லை. நன்கு பழகிய திறன் எண்ணத்தின் துணையின்றியே இயங்குகிறது என்ற கருத்திற்கு இதனைக் கிரிஃபித் சான்றாகக் கொண்டார்.

நோட்டர் டேம் பல்கலைக்கழகப் பயிற்றுநர் நூட் ராக்னியிடம், ஆட்டத்திற்கு முன் வீரர்களுக்கு உணர்ச்சியூட்டுவது உண்டா என்று கேட்டு எழுதினார். தாம் அவ்வாறு செய்வதில்லை என்றும், விளையாட்டை மகிழ்ந்து ஆடுவோரையே தேர்ந்தெடுப்பதாகவும் ராக்னி 1924 டிசம்பரில் மறுமொழி அனுப்பினார். (இதே ராக்னி, 1928 இல் இராணுவ அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஆற்றியதாகக் கூறப்படும் உணர்ச்சிமிக்க உரைக்காகவே இன்றும் பரவலாக அறியப்படுகிறார்.)

1926 இல் பயிற்றுநர்களுக்கான உளவியல் நூலையும், 1928 இல் உளவியலும் விளையாட்டும் பற்றிய நூலையும் வெளியிட்டார். பார்வையாளர் கூட்டத்தின் தாக்கம், வீரர்களின் மூடநம்பிக்கைகள், திறன் திடீரெனச் சரியும் காலம், அணியின் மனவுறுதி முதலியன முதல் நூலில் இடம்பெற்றன.

1932 இல் ஆய்வுக்கூடம் மூடப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தால் நிதி குறைந்ததே வெளிப்படையான காரணம். இலினொய் காற்பந்துப் பயிற்றுநர் ராபர்ட் சுப்கி, தம் அணிக்கு இவ்வாய்வுகளால் பயனில்லை எனக் கருதியதும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

சிகாகோ கப்ஸ்

சூயிங்கம் தொழிலதிபரும் கப்ஸ் அணியின் உரிமையாளருமான பிலிப் ரிக்லி, அணிக்கு அறிவியல் முறையில் பயிற்சியளிக்க விரும்பி 1938 இல் கிரிஃபித்தை அழைத்தார். கலிபோர்னியாவை அடுத்த கேட்டலினா தீவில் நடைபெற்ற இளவேனிற்காலப் பயிற்சி முகாமில் பணி தொடங்கியது. சான் ஸ்டெரெட் என்பவர் உதவியாளராக இருந்தார். வீரர்களின் அசைவுகள் படச்சுருளில் பதிவு செய்யப்பட்டன, திறன்கள் அளக்கப்பட்டன.

பேஸ்பாலில் மேலாளர் என்பவர் அலுவலக நிருவாகி அல்லர். களத்தில் அணியை நடத்தும் தலைமைப் பயிற்றுநரே அவர். அப்பொறுப்பிலிருந்த சார்லி கிரிம் தொடக்கத்திலிருந்தே ஒத்துழைக்கவில்லை. உரிமையாளர் தம் தலைக்கு மேலே ஒருவரை அமர்த்தி, அவர் வழியாகத் தம்மைப் பற்றியும் அறிக்கை பெறுகிறார் என்ற ஐயம் அவருக்கு எழுந்திருப்பின் அதனை முற்றிலும் அடிப்படையற்றது எனக் கூற முடியாது. கிரிஃபித்தின் அறிக்கைகள் உண்மையிலேயே மேலாளரின் குறைகளையும் பேசின.

பயிற்சி நேரம் பெரிதும் வீணாகிறது என்பது கிரிஃபித்தின் முதன்மையான முடிவு. வீரர் ஒருவர் பயனுள்ள பயிற்சியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கும் குறைவாகவே ஈடுபட்டார். மட்டையடிப் பயிற்சியில் வீசப்பட்ட பந்துகள் உண்மையான ஆட்டத்தில் வருவன போன்று அமையவில்லை. ஆட்டச் சூழலை ஒத்த பயிற்சியை அவர் பரிந்துரைத்தார். திறமை பிறவியிலேயே அமைவது, கற்பித்து வருவதன்று என்னும் பழைய நம்பிக்கையையும் அவர் மறுத்தார். இந்நம்பிக்கை நிலைத்திருக்கும் அணியில் கற்பித்தலுக்கு இடமிராது என்பதே அவருடைய வாதம்.

1938 சூலையில் கிரிம் நீக்கப்பட்டு, பந்துபிடிப்பாளர் கேபி ஹார்ட்னெட் மேலாளரானார். நிலைமை மாறவில்லை, ஹார்ட்னெட்டைப் பற்றி இன்னும் கடுமையாகவே கிரிஃபித் எழுதினார். ஆனால் அதே ஆண்டில் ஹார்ட்னெட்டின் தலைமையில் கப்ஸ் அணி தேசிய லீக் வாகையர் பட்டத்தை வென்றது. உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸ் அணியிடம் 0–4 எனத் தோற்றபோதிலும், வெற்றி பெற்ற மேலாளரிடம் உளவியலாளரின் குறிப்புகளைப் படிக்குமாறு கூற எவராலும் இயலவில்லை. 1939 இல் கிரிஃபித்தின் பங்கு சுருங்கியது. 1940 இல் முடிவுற்றது. அவர் எழுதிய அறிக்கைகள் 600 பக்கங்களுக்கும் மேற்பட்டவை. அவற்றை அணி ஏறத்தாழப் பயன்படுத்தவே இல்லை.

வீரர்களின் கண்ணையும் கையையும் நுணுக்கமாக அளந்த கிரிஃபித், தம்மை ஐயத்துடன் நோக்கிய மேலாளரின் அச்சத்தைத் தணிக்கும் வழியைக் காணவில்லை. அணியின் கீழ்மட்டத்தில் எதை மாற்ற வேண்டும் என்பதை அறிந்திருந்தார். அம்மாற்றத்தை இடைநிலையிலிருப்பவர் ஏன் ஏற்க வேண்டும் என்ற வினாவிற்கு அவருடைய அறிக்கைகளில் போதிய விடையில்லை. எனினும் முழுப்பொறுப்பையும் அவர்மீது சுமத்துவது முறையன்று. மேலாளரிடம் கலந்து பேசி இணக்கம் ஏற்படுத்தும் கடமை உரிமையாளருக்கும் இருந்தது.

பல்கலைக்கழகப் பதவிகள்

1944 இல் இலினொய் பல்கலைக்கழகத்தின் புரோவோஸ்ட் (கல்வித் தலைமை அலுவலர்) ஆனார். பல்கலைக்கழகத் துணைத் தலைவர் ஆண்ட்ரூ ஐவி, கிரெபியோசன் என்னும் பொருளைப் புற்றுநோய் மருந்தாக ஆதரித்ததால் பெரும் பூசல் மூண்டது. ஐவியை எதிர்த்த பல்கலைக்கழகத் தலைவர் சார்ச் ஸ்டோடார்ட் மீது 1953 சூலையில் அறங்காவலர் குழு நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றியது. அதனை முன்மொழிந்தவர், அப்போது அறங்காவலராயிருந்த ரெட் கிரேஞ்ச். ஸ்டோடார்ட் பதவி விலகினார். அப்பூசலில் கிரிஃபித்தும் தம் பதவியை இழந்தார். கிரெபியோசன் எனக் கூறப்பட்டது உடலில் இயல்பாகவே உள்ள கிரியாட்டின் என்னும் பொருளே என்று 1963 இல் அமெரிக்க அரசின் ஆய்வு காட்டியது.

இலினொய் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் ஒரிகன் மாநிலத்தில் உயர்கல்விப் பணியாற்றி, 1966 இல் காலமானார். நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்த அவருடைய விளையாட்டு ஆய்வுகளை, வால்ட்டர் குரோல், கை லூயிஸ் ஆகியோர் 1970 இல் எழுதிய கட்டுரை மீண்டும் கவனத்திற்குக் கொணர்ந்தது. அமெரிக்க ஒலிம்பிக் குழு முழுநேர விளையாட்டு உளவியலாளரை முதன்முதலாக 1985 இல் அமர்த்தியது.