அறிவாலயம் எழுப்பிய அருட்தந்தை பியூரெல்



பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் சென்று வரும் நம்மவர்கள் சிராங்கூன் சாலையைக் காணாது திரும்புவதில்லை. தேக்கா சந்தையின் இரைச்சலும், பூக்கடைகளின் மணமும், வீரமாகாளியம்மன் கோயில் மணியோசையும் நம்மைப் பிறந்த ஊருக்கே அழைத்துச் செல்வன. அங்கிருந்து சிறிது தொலைவு நடந்தால் ஓபிர் சாலையில் வெண்ணிறக் கோபுரத்துடன் ஓர் ஆலயம் நிமிர்ந்து நிற்கும். அதுவே லூர்து மாதா ஆலயம். தமிழ்க் கத்தோலிக்கருக்கென 1886ஆம் ஆண்டு அடிக்கல் நாட்டப்பெற்று, 1888ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற அவ்வாலயத்தில் இன்றும் தமிழ் வழிபாட்டொலி கேட்கின்றது.

மரத்தின் நிழலில் அமர்வோர் பலர். விதை ஊன்றியவனை எண்ணுவோர் சிலரே. அந்நகரில் கத்தோலிக்கப் பங்கு ஒன்றனையும், அதனோடு இணைந்த பள்ளிகளையும் ஊன்றி வளர்த்த பெருமகன் ஒருவர் இருந்தார். அவரே அருட்தந்தை ழான் மரி பியூரெல். அவர்தம் வாழ்க்கையினை இவ்வாண்டு மலரில் நாம் காண்போம். அவர் சமயம் வேறு, நம்மில் பலர் சமயம் வேறு. ஆயினும் பிள்ளைகளின் கல்விக்காகத் தம் உடைமையைத் துறந்த ஒருவரின் வரலாறு எல்லாச் சமயத்தார்க்கும் உரியதன்றோ?

பிறப்பும் வருகையும்

பிரான்சு நாட்டின் வடமேற்கு மூலையில் பிரித்தானி என்னும் பகுதி உள்ளது. அங்குள்ள புளூகனாஸ்ட் என்னும் சிற்றூரில் 1813ஆம் ஆண்டு பியூரெல் பிறந்தார். குருவாகத் திருநிலை பெற்றபின், பாரிசு நகரின் அயல்நாட்டு மறைபணிச் சபையில் சேர்ந்தார். கீழ்த்திசை நாடுகளுக்குக் குருமார்களை அனுப்பிவைத்த சபை அது. அச்சபையினர் ஒருமுறை கப்பலேறினால் மீண்டும் தாய்நாட்டைக் காண்போம் என்னும் எண்ணத்தைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். பியூரெலும் அவ்வாறே புறப்பட்டு, 1839ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

இராபிள்சு அத்தீவில் காலடி வைத்து அப்போது இருபது ஆண்டுகளே ஆகியிருந்தன. கடற்கரையோரம் கடைகளும் கிடங்குகளும் பெருகிவந்தன. அவற்றிற்கு அப்பால் காடும், மிளகு, கேம்பியர்த் தோட்டங்களும் கிடந்தன. சீனர், மலாய்க்காரர், தமிழர், ஐரோப்பியர் எனப் பல இனத்தாரும் வந்து குவிந்துகொண்டிருந்தனர். தென்பாலச் சாலையில் நம்மவர் எழுப்பிய மாரியம்மன் கோயில் அப்பொழுதே இருந்தது. பிரெஞ்சுக் குருமார்களுக்கோ பிராஸ் பாசா சாலையில் ஒரு சிற்றாலயம் மட்டுமே இருந்தது. பல மொழி பேசும் மக்கள் அதனுள் நெருங்கி நின்று வழிபட்டனர்.

பருவங்கள் வகுத்த ஆண்டு

பியூரெல் பிறந்த நாட்டில் பனிக்காலம், இளவேனில், கோடை, இலையுதிர்காலம் எனப் பருவங்கள் தெளிவாகப் பிரிந்து வருவன. சிங்கப்பூரிலோ ஆண்டு முழுதும் வெயிலும் மழையும்தாம். ஆண்டின் இறுதியில் மழை சற்று மிகும், அவ்வளவே. அத்தகைய நாட்டில் பங்கு மக்களுக்குப் பருவங்களை வகுத்துக் கொடுப்பவை திருவிழாக்களே.

கத்தோலிக்கரின் வழிபாட்டு ஆண்டு, கிறித்து பிறப்பு விழாவிற்கு முன் நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்துடன் தொடங்கும். பின்னர் நள்ளிரவு வழிபாட்டுடன் கிறித்து பிறப்பு விழா வரும். நெற்றியில் சாம்பல் பூசும் புதன்கிழமையன்று நாற்பது நாள் நோன்பாகிய தவக்காலம் பிறக்கும். குருத்தோலை ஏந்தும் ஞாயிறு, துயரம் நிறைந்த பெரிய வெள்ளி, அதன்பின் மகிழ்ச்சி பொங்கும் உயிர்ப்பு ஞாயிறு ஆகியன ஒன்றன்பின் ஒன்றாக வரும். சில வாரங்கள் கழித்து நற்கருணைப் பெருவிழா நடைபெறும். லூர்து மாதாவின் திருநாள் பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் வரும்.

நம் தோட்டங்களிலும் இவ்வாறுதானே! தைப்பொங்கல், தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடித் திருவிழா, தீபாவளி என்று நாம் ஆண்டினை எண்ணுகின்றோம். திருவிழா என்பது வெறும் கொண்டாட்டமன்று. தனித்தனி வீடுகளில் வாழ்வோரை ஒரே குடும்பமாகக் கூட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. பியூரெல் இதனை நன்கறிந்தவர் என்பது அவர் செயல்களால் விளங்கும்.

பேராலயப் பணி

சிற்றாலயம் போதாமையால் புதிய ஆலயம் ஒன்று எழுப்ப அவர் உறுதி பூண்டார். அரசினரிடம் நிலம் கேட்டுப் பெற்றார். பொருளுக்கோ வழியில்லை. ஆகவே அவர் வீடுவீடாகவும் நாடுநாடாகவும் வேண்டுகோள் விடுத்தார். சிங்கப்பூர் வணிகர்கள் ஈந்தனர். மணிலாப் பேராயர் ஈந்தார். பிரான்சு நாட்டு அரசியாரும் நன்கொடை அனுப்பினார். 1843ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள், நற்கருணைப் பெருவிழாவினை அடுத்த ஞாயிறன்று, அடிக்கல் நாட்டப்பெற்றது. நான்கு ஆண்டுகள் பணி நடந்தது. 1847ஆம் ஆண்டு சூன் 6ஆம் நாள் ஆலயம் திறக்கப்பெற்றது. அந்நாளும் நற்கருணைப் பெருவிழாவினை அடுத்த ஞாயிறே! தொடக்கமும் நிறைவும் ஒரே திருவிழாவில் அமைந்தமை நம் கருத்திற்குரியது.

அவ்வாலயம் நல்லாயன் ஆலயம் எனப் பெயர் பெற்றது. கொரியா நாட்டில் தம் மக்களைக் காக்கும்பொருட்டுத் தம்மையே பகைவரிடம் ஒப்படைத்து 1839ஆம் ஆண்டு உயிர்நீத்த ஆயர் இம்பேரின் நினைவே அப்பெயருக்குக் காரணம் என்பர். ஆட்டுக்காக உயிரையும் கொடுப்பவனே நல்ல மேய்ப்பன் என்பது அதன் பொருள். அவ்வாலயம் இன்று சிங்கப்பூரின் தேசிய நினைவுச்சின்னமாகவும், பேராலயமாகவும் விளங்குகின்றது.

ஆண்பிள்ளைகளின் பள்ளி

ஆலயம் எழுந்ததும் பியூரெலின் உள்ளம் நிறைவடையவில்லை. தெருக்களில் எழுத்தறியாது திரியும் பிள்ளைகளைக் கண்டார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திற்கு வந்து, மற்ற ஆறு நாள்களும் அறியாமையில் கிடந்தால் பயன் என்ன? பள்ளியில்லாத பங்கு ஒரு கையில்லாத உடலைப் போன்றது என அவர் எண்ணினார் போலும்.

நல்லாசிரியர்களைத் தேடி அவர் 1850ஆம் ஆண்டு அக்டோபரில் ஐரோப்பாவிற்குக் கப்பலேறினார். இன்றுபோல் வானூர்தி இல்லாத காலம் அது. சூயசுக் கால்வாயும் வெட்டப்படவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்லும் பாய்க்கப்பலில் பல திங்கள் கடலிலேயே கழியும். அவர் மீண்டு வர ஏறக்குறைய ஒன்றரை ஆண்டாயிற்று. 1852ஆம் ஆண்டு மார்ச்சு 29ஆம் நாள், தவக்காலத்தின் இறுதி நாள்களில், லா சால் சபையைச் சேர்ந்த அருட்சகோதரர் அறுவருடன் அவர் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். உயிர்ப்பு விழா முடிந்து, மே 8ஆம் நாள் பள்ளி திறக்கப்பெற்றது. எங்கே தெரியுமா? மக்கள் நெருங்கி நின்று வழிபட்ட அந்தப் பழைய சிற்றாலயத்திலேயே! வழிபாட்டுக்குப் பயன்பட்ட இடம் வகுப்பறையாயிற்று. அதே ஆண்டில் பினாங்கிலும் லா சால் சகோதரர்களின் பள்ளி தோன்றியது.

புதிய கட்டடத்திற்கு 1855ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் பியூரெல் அடிக்கல் நாட்டினார். அந்நாள் புனித சூசையப்பரின் திருநாள். தச்சுத் தொழில் செய்து குடும்பத்தைக் காத்த தொழிலாளி அவர். அவ்வாண்டில்தான் சிராங்கூன் சாலையில் நம்மவர்கள் பெருமாள் கோயிலை எழுப்பினர். பள்ளிக் கட்டடம் முற்றுப்பெற 1867ஆம் ஆண்டு ஆயிற்று. அப்பள்ளி சூசையப்பர் பெயராலேயே செயின்ட் ஜோசப் பள்ளி என வழங்கலாயிற்று.

பெண்பிள்ளைகளின் பள்ளி

இனி நாம் கூறப்போவது பியூரெல் வாழ்வின் உச்சி எனலாம். ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்றபோது துணைவந்தோர் சிலர் இருந்தனர். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வேண்டும் என்றபோது நிலை வேறாயிற்று. அவர் அரசினரிடம் நிலம் கேட்டு விண்ணப்பித்தார். அரசினர் மறுத்துவிட்டனர்.

வேறொருவராயின், முயன்றோம், கிட்டவில்லை என்று அமைதியடைந்திருப்பர். பியூரெல் அவ்வாறு இருந்தாரல்லர். ஆலயத்திற்கு அருகில் கால்டுவெல் என்னும் அரசு எழுத்தர் வாழ்ந்த அழகிய இல்லம் ஒன்று இருந்தது. அதனை 1852ஆம் ஆண்டில் அவர் தம் சொந்தப் பணத்தைக் கொண்டே விலைக்கு வாங்கினார். பின்னர் அதனைச் சுற்றியிருந்த மனைகளையும் சிறிது சிறிதாக வாங்கிச் சேர்த்தார். மனைவி மக்கள் இல்லாத துறவி தமக்கென வீடு வாங்கவில்லை. யாரோ பெற்ற பெண்பிள்ளைகளுக்காக வாங்கினார்!

1854ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், அன்னை மத்தில்து என்பாரின் தலைமையில் குழந்தை இயேசு சபையின் அருட்சகோதரிகள் பினாங்கிலிருந்து வந்து சேர்ந்தனர். சில நாள்களிலேயே இரு வகுப்புகள் தொடங்கப்பெற்றன. ஒன்று கட்டணம் செலுத்தும் பிள்ளைகளுக்கு. மற்றொன்று ஏழைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும். கான்வென்ட் என்று நம் மலேசிய நகரங்களிலும் மக்கள் அறிந்துள்ள பள்ளிகள் பல அச்சபையினர் நடத்தியனவே.

அம்மடத்தில் ஒரு சிறு வாயில் இருந்தது. வறுமையாலும், பெண்ணாகப் பிறந்தமையாலும் கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தைகளை இரவோடிரவாக அவ்வாயிலில் வைத்துச் சென்றனர். சகோதரிகள் அக்குழந்தைகளை எடுத்து வளர்த்தனர், எழுத்தறிவித்தனர், தையலும் கைத்தொழிலும் கற்பித்தனர். வேண்டாமென்று விடப்பட்ட உயிர்கள் வாழ்வு பெற்றன. ஒருவர் தம் பணப்பையைத் திறந்தமையால் எத்தனை குழந்தைகளுக்குக் கதவு திறந்தது, பாருங்கள்!

இறுதிக் காலம்

ஓய்வறியாது உழைத்த உடல் தளர்ந்தது. நோயுற்ற பியூரெல் 1868ஆம் ஆண்டு பிரான்சுக்குத் திரும்ப நேர்ந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தம் ஊராகக் கொண்ட தீவினை அவர் மீண்டும் காணவில்லை. 1872ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் பாரிசு நகரில் தம் 59ஆம் வயதில் இயற்கை எய்தினார். அவர் உடல் அங்கேயே அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் ஊன்றிய விதையோ வளர்ந்தது. 1870ஆம் ஆண்டு குயீன் சாலையில் சீனருக்கும் தமிழருக்குமாகப் புனித பேதுரு பவுல் ஆலயம் எழுந்தது. அங்குப் பணியாற்றிய அருட்தந்தை பியேர் பாரிசு தமிழ் கற்றுத் தமிழருக்குத் தொண்டு செய்தார். அதன்பின்னர்தான் ஓபிர் சாலையில் லூர்து மாதா ஆலயம் தோன்றியது. கான்வென்ட் பள்ளி 1983ஆம் ஆண்டு தோ பாயோவிற்கு இடம்பெயர்ந்தது. செயின்ட் ஜோசப் பள்ளியும் 1980களின் இறுதியில் வேறிடம் சென்றது. பழைய கட்டடங்கள் வேறு பணிகளுக்குப் பயன்படலாயின. ஆயினும் அப்பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. கட்டடம் மாறலாம்; கல்வி மாறாது.

நாம் பெறும் பாடம்

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு முன்பின் அறியாத ஒருவர் கடல் கடந்து வந்து, பிறர் மறுத்தபோது தம் பொருளை ஈந்து பள்ளி அமைத்தார். உங்கள் பள்ளியும் யாரோ சிலரின் வியர்வையால் எழுந்ததே. அதனை நன்கு பயன்படுத்துதல் உங்கள் கடமை.

பெற்றோர்களே! கோயில் திருவிழாவிற்கு நாம் மனமுவந்து வரி செலுத்துகின்றோம், பந்தல் இடுகின்றோம், அன்னதானம் செய்கின்றோம். அவ்வளவும் நன்றே. அதே கை பிள்ளையின் புத்தகத்திற்கும் நீளட்டும். ஆறாம் ஆண்டு முடிந்ததும் பெண்பிள்ளைக்குப் படிப்புப் போதும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கூறுவோர் நம்மிடையே முற்றிலும் மறைந்துவிட்டனர் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல இயலுமா? வகுப்பில் முதலாவதாக நின்ற சிறுமி, இடைநிலைப் பள்ளியில் பாதியில் நின்றுவிட்டாள் எனக் கேள்வியுறும்போது நம் நெஞ்சம் வருந்துகின்றது. பியூரெலுக்கு நிலம் மறுத்தவர்கள் அரசினர். நம் வீட்டுப் பெண்ணுக்குப் படிப்பை மறுப்பவர் நாமாக இருத்தல் தகுமோ?

ஆலயமும் பள்ளியும் அருகருகே நின்றால்தான் ஊர் உயரும். இதனைச் சொல்லால் உணர்த்தாது செயலால் உணர்த்திச் சென்றவர் அருட்தந்தை பியூரெல். அவர்தம் வழி நின்று நம் பிள்ளைகளை, ஆணாயினும் பெண்ணாயினும், இறுதிவரை படிக்க வைப்போமாக!

வாழ்க கல்வி! வளர்க நம் பள்ளி!