செல்போனுக்கு வழி வகுத்த பாதிரியார் மகன்

செல்போனைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே நகத்தளவு கறுப்புச் சில்லுகள் தெரியும். அவைதான் அதன் மூளை. அந்த மூளையை மலிவாக்கியவர்களில் முதன்மையானவர், ராபர்ட் நாய்ஸ்.

1927-ம் ஆண்டு டிசம்பர் 12-ந்தேதி, அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். பிள்ளைகள் நால்வர், இவர் மூன்றாவது.

பன்றித் திருட்டு

கிரின்னல் கல்லூரியில் படித்தபோது, விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றி ஒன்றைத் திருடிவிட்டார். பிறகு மனம் உறுத்தியது. நேரில் போய் உண்மையைச் சொல்லி, பணம் தர முன்வந்தார். பண்ணைக்காரரோ ஊர் மேயர்! கல்லூரி அவரை ஒரு பருவம் விலக்கி வைத்தது. பேராசிரியர் கிராண்ட் கேல் பரிந்து பேசியதால் படிப்பு தப்பியது. நாய்ஸுக்கு டிரான்சிஸ்டரை அறிமுகம் செய்தவரும் அவரே.

வெட்டுவது ஏன்? ஒட்டுவது ஏன்?

டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தைத் திறந்து மூடும் குழாய் போன்றது. ஒரே சிலிக்கன் தகட்டில் நூற்றுக்கணக்கில் அதைச் செய்வார்கள். பிறகு தனித்தனியாக வெட்டுவார்கள். பெண்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து, மெல்லிய கம்பிகளைப் பொருத்துவார்கள். கூலியும் அதிகம், பழுதும் அதிகம்.

1957-ல் ஏழு நண்பர்களுடன் பேர்சைல்டு கம்பெனியைத் தொடங்கினார் நாய்ஸ். 1959-ல் அவருக்கு ஒரு யோசனை உதித்தது. வெட்டாமலே, தகட்டின் மேலேயே உலோகக் கோடுகளைப் பதித்து இணைத்தால் என்ன? நண்பர் ழான் ஹோர்னி கண்ட புதிய முறை அதற்குக் கைகொடுத்தது. 1958-லேயே ஜாக் கில்பி ஒரு சில்லு செய்திருந்தார். ஆனால் அதில் கம்பிகளைக் கையால் இணைக்க வேண்டியிருந்தது.

நஷ்டத்துக்கு விற்றார்!

சில்லு வந்தும் வாங்க ஆள் குறைவு. விலை அதிகம். 1960-களின் நடுவில் நாய்ஸ் துணிந்தார். செய்யும் செலவுக்கும் கீழே விலையைக் குறைத்தார்! விற்பனை பெருகியது. அதிகம் செய்யச் செய்ய, செலவும் குறைந்தது.

1968-ல் கார்டன் மூருடன் இன்டெல் கம்பெனியைத் தொடங்கினார். 1971-ல் அது வெளியிட்ட சில்லில் டிரான்சிஸ்டர்கள் 2,300. இன்றைய உயர்ரக செல்போன் சில்லிலோ, ஆயிரம் கோடிக்கும் மேல்! அதைச் செய்யும் நவீன ஆலைக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் செலவாகிறது. கோடிக்கணக்கில் செய்து விற்பதால்தான் நம் கைக்கு எட்டுகிறது. நாய்ஸ் காட்டிய வழி அது.

1990 ஜூன் 3-ந்தேதி, 62-வது வயதில் மாரடைப்பால் காலமானார். 2000-ம் ஆண்டில் சில்லு கண்டதற்காகக் கில்பிக்கு நோபல் பரிசு கிடைத்தது. இறந்தவருக்கு அப்பரிசு கிடையாது. ஆனால் கில்பி, தம் பரிசு உரையில் நாய்ஸை நினைவுகூர மறக்கவில்லை.